பாம்புக்காது

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நகரக் குடிநீர் அலுவலகத்தில் அவர் பாம்புக்காது. இன்ஜினியர் முதல் பள்ளம் தோண்டுகிற இரண்டு பேர் வரை முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

கசிவு கண்டுபிடிப்பது அவர் வேலை. மண்ணுக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் விரிசல் விட்டிருக்கும். மேலே சாலை காய்ந்து கிடக்கும். ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வருவார். கம்பியின் தலையில் குமிழ் போல ஒரு மரக்கட்டை இருக்கும். முனையைச் சாலையில் ஊன்றி, கட்டையில் காதை ஒட்டி, கண்ணை மூடுவார். பத்தடி நகர்வார். மறுபடி ஊன்றுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சைக்கூட மெதுவாக விடுவார்கள். கடைசியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க வெட்டு" என்பார். வெட்டினால் தண்ணீர்.

அந்தக் குறி ஒருநாளும் தப்பியதில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஏழெட்டு முறை தப்பியிருக்கிறது. பெயர் வாங்கிவிட்ட மனிதனின் தப்பு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ஐம்பத்தைந்தாவது வயதில் காது போக ஆரம்பித்தது. வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவிதான் அதை முதலில் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, குக்கர் ஆறு விசில் விட்டுடுச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க."

"படிக்கிறப்ப எனக்கு எதுவும் காதுல ஏறாது."

"போன வாரம் படிக்காதப்பவும் ஏறலியே. பாம்புக்குக் காதே கிடையாதாம், டிவில சொன்னான். பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்."

அவளால் சிரிக்க முடிந்தது. அவரால் முடியவில்லை. மனிதர்கள் பேசுவது முகத்தைப் பார்த்தால் புரிந்தது. லாரியின் ஹாரன் கேட்டது. போனது மெல்லிய சத்தங்கள். அவருக்குச் சோறு போட்ட சத்தங்கள். டாக்டரிடம் போனால் அலுவலகக் கோப்பில் ஏறிவிடும் என்று போகவில்லை. காதுக்குப் பதிலாக மூளையை வைத்துச் சமாளித்தார். எந்தத் தெருவில் எந்த வருஷம் எந்தக் குழாய் போட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். எந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, சாலையோரப் புல் எங்கே மட்டும் கொழுத்திருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொள்வார். அதன் பிறகு ஊருக்காகக் கம்பியை ஊன்றிக் கண்ணை மூடுவார். இரண்டு வருஷம் அப்படியே வண்டி ஓடியது.

அப்போதுதான் மீட்டர் பொண்ணு வந்தாள்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வரும் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. இருபத்துமூன்று வயது. காதில் எந்நேரமும் பாட்டு, வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு மிட்டாய். ஒருநாள் பாம்புக்காது போட்ட குறியில் காலையிலிருந்து மூன்று மணி நேரம் வெட்டியும் ஈரமே காணவில்லை. பக்கத்து வீட்டு மீட்டரைக் குறித்துவிட்டு வெளியே வந்தவள் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள்.

"அண்ணா, ஏன் இங்க வெட்டுறீங்க? சத்தம் அங்கல்ல வருது?"

வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்து, ஓர் இடத்தில் வெறுங்காலோடு நின்று தலையைச் சாய்த்தாள். "ம். இங்கதான்."

இன்ஜினியர் வேடிக்கைக்காகத்தான் அங்கே வெட்டச் சொன்னார். அரை மணி நேரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது. அவர் கோபப்படவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கண்டெல்லாம் பிடிக்கல சார். சும்மா கேட்டுச்சு."

சும்மா. அந்த ஒரு சொல் பாம்புக்காதின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. முதல் மூன்று வருஷம் ஒன்றுமே பிடிபடாமல், மற்றவர்கள் கேலியில் கூனிக்குறுகி, கம்பியைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக உழைத்துச் சேர்த்தது அவருடைய காது. இவளுக்குச் சும்மா கேட்கிறதாம்.

அடுத்த மாதமே அவளைக் கசிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். "உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார் இன்ஜினியர். பாம்புக்காது தலையாட்டினார். அவளுக்கு அவர் எதையும் சொல்லித்தரவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. கம்பியைக்கூடத் தொடமாட்டாள். காலை வைப்பாள், தலையைச் சாய்ப்பாள், குறி போடுவாள், மறுபடி பாட்டை மாட்டிக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஒரு கசிவு பிடித்தது மூன்றானது. அவள் பாட்டை அவ்வளவு சத்தமாக வைப்பதைப் பார்த்து, அந்தப் பாட்டே அவள் காதைத் தின்றுவிடட்டும் என்று அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். தின்னவில்லை.

ஒருநாள் வண்டியில் ஏறும்போது வெட்டுகிறவர்களில் மூத்தவன், "பாம்புக்காது, முன்னாடி உக்காரு" என்றான். இவர் முன் கதவைத் திறந்தார். அவன் தயங்கிச் சொன்னான்: "உங்களை இல்ல பெரியவரே. பாப்பாவைச் சொன்னேன்."

அவர் பின்னால் போய், மண்வெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அவளை வேலையை விட்டுத் துரத்தினால் போதாது. அவள் காதை அவளே நம்பாதபடி செய்ய வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. தலைமை அலுவலகத்தில் ஓர் அதிகாரி அம்மா இருந்தார். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவர். மீட்டர் பொண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, நேரில் பார்த்துவிட்டு அவளுக்குப் பிரிவின் நிரந்தரப் பதவியைத் தரலாம் என்று வருவதாக இருந்தார். தண்ணீர் எங்கோ வீணாகப் போகிறது என்று ஒரு மாதமாகப் புகார் வரும் ஒரு கடைத்தெருவை இன்ஜினியர் தேர்ந்தெடுத்தார். அந்தச் சாலைக்குப் புதுத் தார் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதை வெட்டத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அந்தத் தெருவில் கசிவு எங்கே என்று பாம்புக்காதுக்குத் தெரியும். தெருக்கோடியில் இருந்த அச்சகத்தின் நிலவறைச் சுவரில் ஈரம் முளைத்திருந்ததைப் போன வாரமே பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் வைத்திருந்தார். இன்னொன்றும் தெரியும். தெரு நடுவே மூடிக் கிடந்த ஒரு லாண்டரி. அதற்குப் போகும் பெரிய குழாய், சாலைக்கு அடியில் ஓரிடத்தில் சட்டென்று விரல் தடிமனுக்குக் குறுகும். இருபது வருஷத்துக்கு முன் அந்த இணைப்பைப் போட்டபோது பக்கத்தில் நின்றவர் அவர். லாண்டரியின் பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டால், தண்ணீர் அந்தக் குறுகலில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும், அப்போது சீறும். மேலே நின்று கேட்டால் அசல் கசிவுதான்.

அதிகாரி வரும் அன்று, விடிந்ததும் முதல் ஆளாக அலுவலகத்துக்குப் போனார். தெருவின் பெரிய வால்வு லாண்டரியின் பின்கட்டில் இருந்ததால் அந்தக் கதவின் சாவி அலுவலகத்தில்தான் தொங்கியது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்தார். பின்கட்டில் தூசி படிந்த சலவை இயந்திரங்களுக்கு நடுவே மண்டியிட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் சாக்கடைத் துளைக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. அவருக்கு எந்தத் தண்ணீரும் சத்தமில்லாததுதான். இரண்டு விரலைக் குழாயின் மேல் வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டுத் திருகைக் கூட்டினார், குறைத்தார். சரியான நடுக்கம் விரலுக்குக் கிடைத்ததும் எழுந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு சூடு பரவியது. தான் இன்னும் கெட்டிக்காரன்தான் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்கு அதிகாரி அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீட்டர் பொண்ணு செருப்பைக் கழற்றினாள். லாண்டரிக்கு எதிரே வந்ததும் நின்றாள். கொஞ்சம் முன்னே போனாள், திரும்பி வந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். ஒருமுறை முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றார் இன்ஜினியர்.

"கிடைச்சுது சார்." குறி போட்டாள்.

தார் உடையும் சத்தம் தொடங்கியதும், பாம்புக்காது டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பின்கட்டுக்குள் நுழைந்து குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பள்ளம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. வந்தது அத்தனையும் பொலபொலவென்று காய்ந்த மணல். இணைப்பு தெரிந்தது, துரு ஏறியிருந்தாலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள் மீட்டர் பொண்ணு. முகம் வெளிறியிருந்தது. "சத்தியமா கேட்டுச்சு சார். இப்ப நின்னுடுச்சு."

"கசிவு என்ன, நினைச்சா நிக்கிறதுக்கு விக்கலா?" என்றார் அதிகாரி அம்மா. வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள்.

பாம்புக்காது அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கம்பியைத் தோளிலிருந்து இறக்கி, அவசரமே படாமல் தெருக்கோடிவரை ஊன்றி ஊன்றிப் போனார். அச்சகத்துக்கு எதிரே கண்ணை மூடினார். மனதுக்குள் முப்பது எண்ணினார். குறி போட்டார். முக்கால் மணி நேரத்தில் அங்கே தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அதிகாரி அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அனுபவம்னா இதுதான்" என்று இன்ஜினியரைப் பார்த்துக் குத்தலாகச் சொன்னார். மூத்த வெட்டுக்காரன், "பாம்புக்காதுன்னா சும்மாவா!" என்றான்.

அன்று மாலை மனைவிக்கு ஒரு கிலோ இனிப்பு வாங்கிப் போனார். "என்ன விசேஷம்?" என்றாள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையை நினைத்துத் தனியே சிரித்தார்.

மீட்டர் பொண்ணைப் பழைய வேலைக்கே அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் நாளில் அவள் வெட்டுகிறவர்களிடம், "இப்பல்லாம் எதைக் கேட்டாலும் சந்தேகமா இருக்கு அண்ணா. நடுராத்திரி எழுந்து சமையலறைக் குழாய் ஒழுகுதான்னு போய்த் தொட்டுப் பாக்கிறேன்" என்று சொன்னதாக அவர் காதுக்கு வந்தது. அதைக் கேட்டு அவருக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினார்.

ஒரு மாதம் கழித்து, மதிய உணவு நேரத்தில் அறையில் தனியாக உட்கார்ந்து குழாய் வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ரப்பரை எடுக்கத் திரும்பியவர் திடுக்கிட்டார். நாற்காலிக்குப் பின்னால் மீட்டர் பொண்ணு நின்றிருந்தாள்.

"எப்ப வந்த?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு சார். பேசிட்டே இருக்கேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "லாண்டரி மீட்டர் எட்டு மாசமா ஒரே எண்ணுல நின்னுச்சு. இந்த மாசம் ஓடியிருக்கு. மூடின கடையில யாரு சார் குளிச்சது? சாவிப் பதிவேட்டைப் பாத்தேன். உங்க கையெழுத்து. அத மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை உங்களை அசிங்கமா திட்டிக்கூடப் பாத்தேன். நீங்க பாட்டுக்குக் கோடு போட்டுட்டிருந்தீங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "என்ன… என்னன்னு திட்டின?"

"அதெல்லாம் ஒரு தடவைதான் சொல்வேன்." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்த வேலையில நீங்களே இருங்க. நல்லா இருங்க."

அவள் போனபின் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏன் சொல்ல மாட்டாள் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. இன்ஜினியர் கூப்பிட்டனுப்பும்போதெல்லாம் இதோ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்; ஏதோ ஒரு சில்லறை விஷயமாக இருக்கும். சாப்பாடு குறைந்தது. மனைவி சட்டையைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மேட்டுக் குடியிருப்பில் தண்ணீர் நின்றபோது, அவள் ஏன் அவரை இந்த வேலையிலேயே இருக்க விட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாளாக ஆயிரம் வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. மேட்டுக்குப் போகும் பெரிய குழாயில் எங்கோ உடைப்பு. அந்த நீண்ட சாலையில் ஈரச்சுவர் இல்லை, புல் இல்லை. இரண்டு பக்கமும் சிமெண்ட். குழாயும் போன வருஷம் வேறு யாரோ புதிதாகப் போட்டது. அவர் தலைக்குள் இருந்த படத்தில் அது இல்லவே இல்லை. காலி வாளிகளோடு பெண்கள் ஓரமாக நின்று திட்டினார்கள். இன்ஜினியர் போனில் யாரிடமோ, "எங்க ஆள் வந்துட்டார், இன்னைக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். பாம்புக்காது கம்பியை ஊன்றினார். கட்டையில் காதை ஒட்டினார். பஞ்சுமூட்டைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

அந்தச் சாலையில்தான் மீட்டர் பொண்ணு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. இவள் கேட்காமல் இருக்க முடியாது. வேண்டாம் என்றாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். கம்பியில் காதை வைத்தபடி, அரைக்கண்ணால் அவள் கால்களையே பார்த்தார். இரும்புக் கதவு போட்ட ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவள் சாலையைக் கடந்தாள். பாதியில் நடை தளர்ந்தது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். இரண்டு விநாடிதான். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவர் அவசரப்படவில்லை. எங்கெங்கோ ஊன்றிப் போக்குக் காட்டிவிட்டு அந்த இடத்துக்கு வந்து, கண்ணை மூடி, குறி போட்டார்.

வெட்டினார்கள். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், தோள் ஆழம். காய்ந்த மணல். குழாய் தெரிந்தது, புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது. அதைத் தொட்ட மூத்த வெட்டுக்காரன் விரலை மேலே தூக்கிக் காட்டினான். விரலில் புழுதி.

பாம்புக்காது நிமிர்ந்து பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் மீட்டர் பொண்ணு நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க உங்களுக்கு என்ன கேட்டுச்சு?" என்றார் இன்ஜினியர்.

இவள்தான் ஏமாற்றினாள் என்று கத்த வாய் துடித்தது. கத்தினால், அவள் காலைப் பார்த்துத்தான் குறி போட்டேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வாளிக்காரப் பெண்கள் நெருங்கி வந்தார்கள். யாரோ ஒருத்தி ஏதோ சொன்னாள். அவருக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

"கேக்காமலா குறி போட்டீங்க?"

"எனக்கு எதுவுமே கேக்கறதில்ல சார். மூணு வருஷமாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீட்டர் பொண்ணு பையை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். பள்ளத்தைத் தாண்டி இருபதடி நடந்து, ஓர் இடத்தில் குதிகாலால் இரண்டு முறை தட்டினாள். அங்கே வெட்டியபோது வந்த தண்ணீர் சாலையில் வாய்க்காலாக ஓடியது. பெண்கள் அதிலேயே வாளியை வைத்தார்கள்.

"நீ முன்னாடியே கேட்டியா?" என்றார் இன்ஜினியர்.

"கேட்டேன் சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலையே சார்."

லாண்டரி விஷயத்தை அவள் அப்போதும் சொல்லவில்லை. பாம்புக்காதைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். மண்வெட்டி, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வேலை. காதுக்கு ஒரு சின்ன மெஷினும் வாங்கிக்கொண்டார். முதல் நாள் மனைவி, "இப்ப நான் பேசுறது கேக்குதா?" என்றாள். "இத்தனை வருஷம் கேக்காம இருந்ததே நல்லது" என்றார். அவள் கோபப்பட்டாள். அது நன்றாகவே கேட்டது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் மீட்டர் பொண்ணு பண்டகசாலைக்கு வந்தாள். இப்போது அவள் கசிவுப் பிரிவின் பொறுப்பாளர். மேஜையில் சாய்ந்துகொண்டு, "ரப்பர் பூட்ஸ் வேணும் சார், அஞ்சாம் நம்பர்" என்றாள்.

அவர் எழுந்து அலமாரியை நோக்கிப் போனார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த லாண்டரிக் குழாயை எப்படி அவ்வளவு சரியா திருகி வச்சீங்க? உங்களுக்குத்தான் கேக்காதே."

யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாமல் அவர் உள்ளுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த ஒன்று. தன்னை அறியாமல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "விரலால. நடுக்கத்தைத் தொட்டுப் பாத்தேன்."

"அதான். பிரமாதம் சார், அசலா இருந்துச்சு." ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஆனா கசிவுன்னா தண்ணி மண்ணை அரிக்கிற கரகரப்பு அடியில இருக்கும். அதுல அது இல்ல. அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு. அந்த அம்மா குடையும் கையுமா நிக்கிறாங்களேன்னு அவசரத்துல குறி போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

அப்படியென்றால் அவர் வாழ்க்கையிலேயே செய்த மிக நுட்பமான காரியத்தையும் அவள் கேட்டு, எடை போட்டு, குறை கண்டுவிட்டுத்தான் ஏமாந்திருக்கிறாள். அதுவும் அவசரத்தில். அவருக்கு அடிவயிற்றிலிருந்து பழைய எரிச்சல் மறுபடி குபீரென்று கிளம்பியது. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு விநாடிக்கு முன்புவரை இருந்த நினைப்பு இருந்த இடம் தெரியவில்லை.

அலமாரியில் ஐந்தாம் நம்பர் பூட்ஸ் நாலு ஜோடி கண்ணெதிரே இருந்தன. அவர் குனிந்து, அடித்தட்டிலிருந்து எட்டாம் நம்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சு இல்லியா?"

"தீந்துடுச்சு. இதுதான் இருக்கு."

அவள் அவருக்குப் பின்னால் அலமாரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மேஜைமேல் கிடந்த பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பூட்ஸுக்குள் திணித்து, காலை நுழைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, தொளதொளவென்று சத்தம் வர மழைக்குள் நடந்து போனாள்.